புதுப்பேட்டை டு ரிச்சி ஸ்ட்ரீட்... ஒரு பழைய பத்மினியைப் பிழைக்கவைத்த சனிக்கிழமை!

எழும்பூர் ரயில் நிலையம். காலை பத்து மணி. மின்சார ரயிலிலிருந்து ஒரு தாத்தாவும் பேரனும் இறங்குகிறார்கள். தாத்தா கையில் ஒரு மஞ்சப்பை. உள்ளே உள்ளங்கை அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, அதிலிருந்து தொங்கும் நாலு ஒயர்கள், செய்தித்தாளில் சுற்றிய ஒரு இக்னிஷன் காயில்.

தாத்தா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். பேரன் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு. குரோம்பேட்டையில் அவர்கள் வீட்டு வாசலில் ஐந்து நாளாக அசையாமல் நிற்கிறது ஒரு பிரீமியர் பத்மினி கார்.

திங்கட்கிழமை காலை அந்த கார் ஆர்.டி.ஓ. ஆய்வுக்குப் போயாக வேண்டும். சொந்த உபயோகத்துக்கான கார்களுக்கு 15 வருடம் முடிந்ததும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். வண்டி நல்லபடியாக ஓடினால்தான் கையெழுத்து கிடைக்கும். ஓடாவிட்டால்?

"இந்தத் தடவை எஃப்.சி. ஆகலைன்னா குடுத்துடலாம்பா" என்று மகன் சொல்லிவிட்டார். பழைய வண்டி எடுப்பவரிடம் விலையும் பேசியாகிவிட்டது. தாத்தாவும் மறுத்துப் பேசவில்லை. சனிக்கிழமை ஒருநாள் மட்டும் கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பெரும்பாலான கடைகள் திறக்காது. அதனால் இந்த ஒருநாள்தான் கணக்கு.

எழும்பூரிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் மூன்று கடைத்தெருக்கள் இருக்கின்றன. பழைய உதிரி பாகங்களுக்குப் புதுப்பேட்டை. எலக்ட்ரானிக்ஸுக்கு ரிச்சி ஸ்ட்ரீட். புது ஸ்பேர் பார்ட்ஸுக்கு ஜி.பி. ரோடு. தாத்தாவின் மஞ்சப்பை அன்று இந்த மூன்றையும் சுற்றி வந்தது.

சூடானால் படுத்துக்கொள்ளும் கார்

பிரச்னை மூன்று மாதமாகவே இருந்திருக்கிறது. காலையில் சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகும். அரை மணி நேரம் ஓடி, வெயிலில் பல்லாவரம் சிக்னலில் நின்றால் பட்டென்று அணைந்துவிடும். பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழிக்கும். நாலு பேர் சேர்ந்து ஓரமாகத் தள்ளி, பானெட்டைத் திறந்து வைத்து, டீ குடித்துவிட்டு வந்தால் ஒன்றுமே நடக்காததுபோல மறுபடி ஸ்டார்ட் ஆகும். கடந்த திங்கட்கிழமை டீ குடித்த பிறகும் ஆகவில்லை.

பக்கத்துத் தெரு மெக்கானிக் வந்து பார்த்தார். "காயில் வரைக்கும் கரன்ட் வருது. பிளக்ல ஸ்பார்க் இல்ல. பாக்ஸ் போச்சு சார். இது இப்ப கம்பெனியிலேயே வர்றதில்ல" என்றார்.

அந்த 'பாக்ஸ்' என்ன வேலை செய்கிறது? பெட்ரோல் காரின் இன்ஜினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையைச் சரியான நொடியில் ஒரு தீப்பொறி பற்றவைக்க வேண்டும். பேட்டரி தருவது வெறும் 12 வோல்ட். பிளக்கின் முனையில் பொறி பறக்க ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். இக்னிஷன் காயில் அதைத் தருகிறது. காயிலுக்குள் மின்சாரத்தை ஓடவிட்டு, சட்டென்று நிறுத்தினால், அந்த நிறுத்தத்தில் உயர் மின்னழுத்தம் பிறக்கும். ஓடவிடுவதும் நிறுத்துவதும்தான் சூட்சுமம்.

பழைய கார்களில் இந்த வேலையைச் செய்தது 'பாயின்ட்'. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இரண்டு சின்ன உலோக முனைகள் தொட்டு விலகி, தொட்டு விலகி வேலை செய்யும். அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய இந்த முறை, பல பத்தாண்டுகள் உலகமெங்கும் கார்களை ஓட்டியது. ஆனால் முனைகள் தீயும், தேயும். சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை உப்புத்தாளால் தேய்த்து, நடுவே சுமார் 0.4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்படி வைக்க வேண்டும். அந்தக் காலத்தில் பத்மினியும் அம்பாசடரும் வைத்திருந்தவர்களுக்கு இந்தச் சடங்கு நன்றாகத் தெரியும்.

அந்தத் தேய்மானத்துக்கு முடிவு கட்ட வந்தது எலக்ட்ரானிக் இக்னிஷன். உரசும் முனைகளுக்குப் பதிலாக ஒரு டிரான்சிஸ்டர். அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் 1973-ல் தன் கார்கள் அனைத்திலும் இதைக் கொண்டுவந்தது. நம் ஊரிலும் பழைய கார்களில் பாயின்ட்டைக் கழற்றிவிட்டு இந்தப் பெட்டியை மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. நம் தாத்தா 1990-களின் கடைசியில் மாட்டியிருக்கிறார். அன்றிலிருந்து உப்புத்தாளுக்கு வேலை இல்லை.

நாலு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், நொடிக்கு 100 பொறி வேண்டும். அத்தனை முறையும் மின்சாரத்தைச் சளைக்காமல் திறந்து மூடுவது அந்தப் பெட்டிதான். ஒரே ஒரு குறை. பாயின்ட் கெட்டால் ரோட்டோரத்தில் சரிசெய்யலாம். பெட்டி கெட்டால் ரோட்டோரத்தில் ஒன்றும் செய்ய முடியாது.

கதவுகள் தொங்கும் தெரு

எழும்பூரிலிருந்து ஆதித்தனார் சாலை வழியாக நடந்தால் புதுப்பேட்டை. 2006-ல் செல்வராகவன் இயக்கத்தில் வந்த தனுஷ் படத்தால் பெயர் தமிழகம் முழுக்கத் தெரிந்துவிட்டாலும், வாகனம் வைத்திருப்பவர்களுக்கு இந்த இடம் அதற்கு முன்பே பழக்கம்.

உள்ளே நுழைந்ததும் காலடியில் தரை கறுப்பாகிறது. பல வருட எண்ணெய். ஜவுளிக்கடையில் சட்டை தொங்குவதுபோல கார் கதவுகள் தொங்குகின்றன. ஒரு கடையில் ஹெட்லைட் மட்டும். அடுத்ததில் ஸ்பீடோமீட்டர் மட்டும். எதிரே பம்பர்கள் கரும்புக்கட்டு மாதிரி சாய்த்து நிற்கின்றன. ஒருவர் தரையில் உட்கார்ந்து, உளியும் சுத்தியலுமாக ஒரு இன்ஜினைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். அலுமினியம் ஒரு பக்கம், இரும்பு ஒரு பக்கம், செம்பு ஒரு பக்கம் என்று பிரிந்து விழுகிறது.

பேரன் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். அப்பா விலை பேசிய கார் கடைசியில் வந்து சேரும் இடம் இது மாதிரி ஒன்றுதானே?

"என்ன வண்டி சார்? என்ன வேணும்?" பத்தடிக்கு ஒரு குரல்.

"பத்மினி. இக்னிஷன் பாக்ஸ்."

"பத்மினியா?" என்று புருவம் உயர்த்தி, பலரும் கையைத் தெருவின் உள்பக்கம் காட்டுகிறார்கள். மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்ஸிகளாக ஆயிரக்கணக்கில் ஓடிய கார் அது. 2023 அக்டோபரோடு அங்கேயும் பத்மினி டாக்ஸியின் காலம் முடிந்துவிட்டது. புதுப்பேட்டையிலும் இப்போது பத்மினி பாகம் வைத்திருப்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

கடைசியில் ஒரு சந்தில், டிஸ்ட்ரிபியூட்டர்களும் டைனமோக்களும் குவிந்த ஒரு சின்னக் கடை. பாய்க்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மஞ்சப்பையிலிருந்து பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே போய், தூசி தட்டி, கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். தாத்தா முகத்தில் வெளிச்சம்.

"எவ்வளவு பாய்?"

"விலை இருக்கட்டும் சார். இதுவும் உங்க பெட்டி வயசுதான். இன்னிக்கு ஓடும். நாளைக்கு உங்களை எங்கயாவது நடுரோட்ல நிறுத்திட்டா, என்னைத்தான் திட்டுவீங்க."

விற்றிருக்கலாம். விற்கவில்லை. "உங்க பெட்டியையே பிரிச்சுப் பார்க்கச் சொல்லுங்க. பாலம் தாண்டினா ரிச்சி ஸ்ட்ரீட். அங்க போர்டு சர்வீஸ் பண்றவங்க இருக்காங்க. காயிலையும் காட்டுங்க" என்றார். பிறகு ஒரு தகர டப்பாவைத் துழாவி, பத்மினிக்கான பாயின்ட் செட் ஒன்றையும் கண்டென்சர் ஒன்றையும் எடுத்து பேப்பரில் மடித்துக் கொடுத்தார். "பெட்டி சரியாகலைன்னா திங்கக்கிழமைக்கு இதை மாட்டுங்க. ஸ்டெப்னி மாதிரி வெச்சுக்கங்க." அதற்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.

கிளம்பும்போது சிரித்தார். "வண்டி ஓடுச்சுன்னா ஒரு போன் பண்ணுங்க. ஓடலைன்னா வண்டியோட வாங்க!"

கூவம் தாண்டினால் வேறு உலகம்

புதுப்பேட்டையிலிருந்து கூவத்தின் மேல் உள்ள பாலத்தைக் கடந்தால் அண்ணா சாலைப் பக்கம் வந்துவிடலாம். எண்ணெய் வாசனை மறைந்து, சால்டரிங் புகை வாசனை தொடங்கும் இடம்தான் ரிச்சி ஸ்ட்ரீட். பெயர் ஒரு தெருவுடையது என்றாலும், பக்கத்தில் உள்ள நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என எல்லாவற்றையும் சேர்த்தே மக்கள் அப்படிச் சொல்கிறார்கள். டெல்லி நேரு பிளேஸுக்கு அடுத்த பெரிய எலக்ட்ரானிக்ஸ் சந்தை என்று இதைச் சொல்வதுண்டு.

முன்பக்கக் கடைகளில் லேப்டாப், சிசிடிவி, மொபைல் கவர். உள்ளே போகப் போகத்தான் பழைய ரிச்சி ஸ்ட்ரீட் தெரியும். மளிகைக் கடையில் பருப்பு வகைகள் இருப்பதுபோல, சின்னச் சின்ன அறைகளில் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் டிரான்சிஸ்டரும். பொறியியல் மாணவர்கள் கையில் சீட்டுடன் வரிசையில் நிற்கிறார்கள். 'புராஜெக்ட்' சீசன்.

பாய் சொன்ன மாதிரி ஆளைக் கண்டுபிடிக்க நாலு இடத்தில் விசாரிக்க வேண்டியிருந்தது. "காரோடதா? நாங்க பண்றதில்ல" என்றார்கள் மூன்று இடத்தில். நாலாவதாக, ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாத குறுகலான மாடிப்படி. மேலே ஒரு மேஜை, ஒரு பூதக்கண்ணாடி விளக்கு, நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். இன்வெர்ட்டர் போர்டும் வாஷிங் மெஷின் போர்டும் சுற்றிலும் அடுக்கி இருந்தன.

"அண்ணா, இது சரியாகுமா?" என்றான் பேரன்.

"திறந்து பார்த்தாத்தான் தம்பி தெரியும். சில கம்பெனி கல்லு மாதிரி கெட்டியான எபாக்ஸி ஊத்தியிருப்பான். அதைத் திறக்க முடியாது. இது ரப்பர் மாதிரி இருக்கு. முயற்சி பண்ணலாம்."

பெட்டிக்குள் என்ன இருந்தது?

ஹீட் கன்னால் இளஞ்சூடு காட்டி, மூங்கில் குச்சியால் அந்தக் கறுப்பு ரப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தார். இரும்புக் கருவி பட்டால் உள்ளே உள்ள செம்புக் கோடுகள் பெயர்ந்துவிடும். முக்கால் மணி நேரம் ஆனது. கீழே இருந்து வந்த டீ ஆறிப்போனது.

பூதக்கண்ணாடிக்குக் கீழே பேரனைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு கால் இணையும் இடத்தில் ஈயத்தைச் சுற்றி முடி அளவுக்கு ஒரு வட்டமான விரிசல். சூட்டில் விரிந்து, குளிரில் சுருங்கி, பல வருடத்தில் விட்டுப்போன இணைப்பு. மூன்று மாதமாக கார் ஆடிய கண்ணாமூச்சிக்கு இதுவே காரணமாக இருக்கலாம். சூடானால் விலகும், ஆறினால் சேரும்.

பழைய ஈயத்தை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தார். மேஜையில் இருந்த பவர் சப்ளையில் 12 வோல்ட் கொடுத்து, தன்னிடம் இருந்த ஒரு காயிலையும் ஒரு ஸ்பார்க் பிளக்கையும் இணைத்து, டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து வரும் துடிப்பைப்போலவே ஒரு கருவியிலிருந்து சிக்னல் கொடுத்தார். டிக், டிக், டிக்... நீல நிறப் பொறி!

தாத்தா கைகூப்பிவிட்டார். "இருங்க சார்" என்று, பெட்டியின் மேல் மறுபடி ஹீட் கன்னைக் காட்டினார் அவர். ஐந்து நிமிடத்தில் பொறி தடுமாறியது. பிறகு நின்றுபோனது.

"டிரான்சிஸ்டரும் வீக்கா இருக்கு. சூடு ஆனா ஒழுங்கா திறந்து மூட மாட்டேங்குது. கீழ தடவியிருந்த பேஸ்ட்டும் சுண்ணாம்பா காஞ்சு போச்சு. சூடு வெளிய போக வழியே இல்ல."

பேரன் கீழே ஓடினான். கார் இக்னிஷன் காயிலை இயக்குவதற்கென்றே தயாரிக்கப்படும் பி.யு. 941 என்ற டிரான்சிஸ்டர். ஒரு கடையில் மிகமிக மலிவாகச் சொன்னார்கள். மேலே எழுத்தை அழித்து வேறு எண் அச்சடித்த போலிகளும் சந்தைகளில் உலவுவதால், அண்ணன் சொல்லி அனுப்பிய கடையிலேயே பில் போட்டு இரண்டாக வாங்கி வந்தான். புது டிரான்சிஸ்டர், அடியில் மைக்கா தகடு, புதிய தெர்மல் பேஸ்ட். இப்போது ஹீட் கன்னைக் காட்டியும் பொறி நிற்கவில்லை. அரை மணி நேரம் ஓடவிட்டார். நிற்கவே இல்லை.

அதன் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. "சார், 25 வருஷம் உழைச்ச பெட்டி. மூணு மாசத்துல ஏன் இப்படி சூடாகிச்சு? பையில காயில் இருக்குன்னீங்களே, குடுங்க."

மல்டிமீட்டரை வைத்தார். 1.5 ஓம். தலையை ஆட்டினார். "இந்தப் பெட்டிக்கு 3 ஓம் காயில் வேணும். இது எப்ப மாத்துனது?"

தாத்தா யோசித்தார். போன வருடம் காஞ்சிபுரம் போகும் வழியில் காயில் கெட்டு, நெடுஞ்சாலை ஓரக் கடையில் கிடைத்ததை மாட்டியது. வண்டி ஓடியது. யாரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

கணக்கு எளிது. 12 வோல்ட்டை 3 ஓம்மால் வகுத்தால் 4 ஆம்பியர். 1.5-ஆல் வகுத்தால் 8 ஆம்பியர். அந்தச் சின்னப் பெட்டி ஒரு வருடமாக இரண்டு மடங்கு மின்சாரத்தைச் சுமந்திருக்கிறது. பேரன் செய்தித்தாளைப் பிரித்துக் காயிலைத் திருப்பினான். அழுக்கைத் துடைத்ததும் பொடி எழுத்து தெரிந்தது. வெளியில் தனியாக ஒரு ரெசிஸ்டர் வைத்துத்தான் இந்தக் காயிலைப் பயன்படுத்த வேண்டும் என்று அதிலேயே எழுதியிருந்தது!

"புதுசா வேற பெட்டி வாங்கி மாட்டியிருந்தாலும் ஆறு மாசத்துல இதே கதைதான்" என்றார் அவர். பாய் வைத்திருந்த பெட்டிக்கும் அதே கதி நேர்ந்திருக்கும்.

சாலையைக் கடந்தால் ஜி.பி. ரோடு

அண்ணா சாலையின் மறுபக்கம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. ஊருக்கெல்லாம் அது ஜி.பி. ரோடு. இந்தப் பகுதிக்கும் காருக்கும் உறவு பழையது. அண்ணா சாலை மவுண்ட் ரோடாக இருந்தபோது, 1903-ல் சிம்சன் நிறுவனத்தின் சாமுவேல் ஜான் கிரீன் நீராவியில் ஓடும் கார் ஒன்றை உருவாக்கினார்.

ஜி.பி. ரோட்டில் எல்லாம் பெட்டிக்குள் இருக்கும் புதுப் பாகங்கள். சீட் கவர், மியூசிக் சிஸ்டம், பிரேக் ஷூ, பேட்டரி. சென்னை பாடியில் 1961-ல் தொடங்கிய லூகாஸ் டிவிஎஸ் போன்ற நிறுவனங்களின் பெயர்ப்பலகைகள். பாடிப் பக்கம் போகும் பஸ்ஸில் "ஒரு லூகாஸ்" என்று டிக்கெட் கேட்பவர்களுக்கு, அங்கே பல வருடங்களாகக் காயிலும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் தயாராவது தெரியும்.

கடையில் காயில் கேட்டதும் ஒன்றை எடுத்து வைத்தார் கடைக்காரர். "ஓம்ஸ் பார்த்துக் குடுங்கண்ணே. மூணு வேணும்" என்றான் பேரன். கடைக்காரர் அவனை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, மேஜைக்குக் கீழே இருந்து மீட்டரை எடுத்தார். 3.1 காட்டியது. கூடவே டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, நாலு பிளக் ஒயர். ஒயர் விட்டுப்போனாலும் உயர் மின்னழுத்தம் போக வழியின்றித் திரும்பி வந்து பெட்டியைத் தாக்கும் என்று மாடியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

மொத்தச் செலவு, பழைய வண்டி எடுப்பவர் பேசிய விலையில் சிறு பகுதிதான். மாலை ஆறு மணிக்கு அரசினர் தோட்டம் மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் சுண்டல் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

ஞாயிறு, நடுப்பகல்

பெட்டியை மாட்டும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, பளிச்சென்று உலோகம் தெரிய வைத்தான் பேரன். எர்த் சரியாக இல்லாவிட்டாலும் பெட்டி சூடாகும். சாவியைத் திருப்பினார் தாத்தா. முதல் திருப்பலிலேயே 1,089 சிசி இன்ஜின் இருமி, முனகி, பிடித்துக்கொண்டது.

யாரும் சந்தோஷப்படவில்லை. சூடாகும் வரை காத்திருந்தார்கள். உச்சி வெயிலில் பானெட்டை மூடி நாற்பது நிமிடம் ஓடவிட்டார்கள். பிறகு பல்லாவரம் வரை போனார்கள். அதே சிக்னல். ஸ்டியரிங் பக்கத்துக் கை கியரை நியூட்ரலில் வைத்துவிட்டு, தாத்தா பெருமூச்சு விடாமல் காத்திருந்தார். பச்சை விழுந்தது. கார் நகர்ந்தது.

வீடு திரும்பியபோது மகன் வாசலில் நின்றிருந்தார். ஒன்றும் சொல்லாமல் முன்கதவைத் திறந்து உட்கார்ந்தார். "நாளைக்கு நானே ஓட்டிட்டு வரேன்பா."

திங்கட்கிழமை ஆய்வு முடிந்து, இன்னும் ஐந்து வருடத்துக்குப் பதிவு புதுப்பிக்கப்பட்டது. டிக்கியில் ஜாக்கிக்குப் பக்கத்தில் பேப்பரில் மடித்த பாயின்ட் செட் பத்திரமாக இருக்கிறது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலிலிருந்தே பேரன் புதுப்பேட்டைக்கு போன் போட்டான்.

"ஓடிடுச்சு பாய்!"

"அல்ஹம்துலில்லாஹ். அப்ப இங்க வராதீங்க" என்றது அந்தப் பக்கத்துச் சிரிப்பு.

நீங்களும் போகிறீர்களா?

* எழும்பூர் ரயில் நிலையத்திலிருந்து புதுப்பேட்டைக்கு நடந்தே போகலாம். ரிச்சி ஸ்ட்ரீட், ஜி.பி. ரோடு இரண்டுக்கும் அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையம் பக்கம்.

* வார நாளில் காலையிலேயே போங்கள். ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள்.

* கெட்ட பாகத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதனுடன் இணையும் பாகத்தையும் சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள். பழையதோ புதியதோ, பில் கேட்டு வாங்குங்கள்.

* பழைய காரில் எலக்ட்ரானிக் இக்னிஷன் இருந்தால், இன்ஜின் ஓடாதபோது சாவியை 'ஆன்' நிலையில் விட்டு வைக்காதீர்கள். பேட்டரி மாட்டும்போது பிளஸ், மைனஸ் மாறக் கூடாது.

* இன்ஜின் ஓடும்போது பிளக் ஒயரைக் கையால் கழற்றிப் பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். அந்த மின்சாரம் பெட்டிக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து.